இம்கே கண்ணை மூடுவதில்லை

மென்னோ பொய் சொல்ல லாயக்கில்லாத ஆள். வாயைத் திறப்பதற்குள் கழுத்து சிவந்துவிடும். அப்படிப்பட்ட என் புருஷன் வாழ்நாளில் உருப்படியாகச் சொன்ன ஒரே பொய், இம்கேயிடம் சொன்னது. அது இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கும் அவன் சாமர்த்தியம் காரணமில்லை. எங்கள் குதிரைச் சங்கமே சேர்ந்து அதற்கு முட்டுக்கொடுத்தது.

நாங்கள் இருவரும் குதிரைகளைப் படமெடுக்கிறவர்கள். குளிர் வந்து மேய்ச்சல் நிலமெல்லாம் சேறாகிவிட்டால், எங்கள் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் போட்டிகள் கூரைக்கடியில் வந்துவிடும். பெரிய கொட்டகை, கீழே மணல், சுற்றிலும் பலகை வேலி, ஒரு கோடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் டீயும் பியரும் கிடைக்கிற சங்க அறை. உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே வெளிச்சம் தாராளம். காமிராவுக்கு அது குருட்டு வெளிச்சம். பாய்கிற குதிரையை அந்த விளக்கில் எடுத்தால், யாரோ கஞ்சியைக் கொட்டி இழுத்துவிட்ட மாதிரி விழும்.

அதனால் மென்னோ ஏணி போட்டு ஏறி, கூரை உத்தரங்களில் நான்கு பெரிய ஃப்ளாஷ்களைக் கட்டுவான். கீழே நான் காமிராவை அழுத்தினால் நான்கும் ஒன்றாக மின்னி அணையும். அப்புறம் அவை மறுபடி நிரம்பச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் குதிரை தாண்டி, இறங்கி, திரும்பியே போயிருக்கும். ஆகவே ஒரு பாய்ச்சலுக்கு ஒரே ஒரு படம். படபடவென்று நூறு எடுத்துத் தள்ளிவிட்டு அதில் நல்லதைப் பொறுக்குகிற சோம்பேறித்தனமெல்லாம் இங்கே செல்லாது. சரியான நொடியைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தினால், அது போய்விட்டது என்று அர்த்தம். நான் சத்தத்தைத்தான் பிடிப்பேன். குளம்புகள் மணலில் தடதடவென்று வரும். திடீரென்று சத்தம் நிற்கும். குதிரை தரையை விட்டுவிட்டது. அந்த மௌனம் தொடங்கும்போதே என் விரல் இறங்கியிருக்க வேண்டும்.

இப்படி எடுத்த படத்தில் குதிரையின் முன்னங்கால்கள் மடங்கித் தாடைக்குக் கீழே ஒட்டியிருக்கும். சவாரிக்காரர் குதிகாலைத் தாழ்த்தி, முதுகை நீட்டி, அடுத்த தடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாரும் கேட்பது இந்தப் படத்தைத்தான். இதில் இம்கேக்கு எல்லாமே அமையும், ஒன்றைத் தவிர. அவள் கண் மூடியிருக்கும்.

முதல் வருடம் திரையில் தன் படத்தைப் பார்த்து அவள் பதறிப்போனாள்.

"ஐயய்யோ, தூங்கிட்டிருக்கிற மாதிரி இருக்கேனே!"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மென்னோ முந்திக்கொண்டான்.

"அது ஃப்ளாஷால வர்றது இம்கே. வெளிச்சம் பட்டதும் கண்ணு சிமிட்டிடுது. உனக்கு ரொம்ப நுட்பமான கண்ணு."

கழுத்து செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. நல்லவேளை, அன்று கம்பளித் துண்டு கட்டியிருந்தான்.

"எங்க அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றாள் இம்கே, கொஞ்சம் பெருமையாக.

கண் இமைக்கிற நேரம் என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறோம். ஃப்ளாஷோடு ஒப்பிட்டால் கண் இமைப்பது ஆமை வேகம். வெளிச்சம் வந்து, படம் விழுந்து, எல்லாம் அணைந்து முடிந்த பிறகுதான் இமைக்கே தகவல் போகும். எங்கள் ஃப்ளாஷால் யாருடைய கண்ணும் எங்கள் படத்தில் மூட வழியே இல்லை. இம்கே தானாகத்தான் மூடினாள். குதிரை எழும்பும்போது மூடி, மறுபக்கம் மணலைத் தொட்டதும் திறப்பாள். பயிற்சியிலும் அப்படித்தான். வேலியோரம் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

இந்த இம்கே பால் லாரி ஓட்டுகிறவள். விடியும் முன்னே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேகரிப்பவள். "திருப்பத்துலயும் இப்படிக் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டுவாளோ?" என்று மென்னோ என்னிடம் கேட்பான். எங்கள் ஊர்ச் சந்துகளில் அந்த லாரி வந்தால் அவன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய குதிரைக்குப் பெயர் கற்கண்டு. டீயில் நாங்கள் போடுகிற அதே கற்கண்டுதான். சாம்பல் குதிரை. யார் கோட்டுப் பையில் கேரட் இருக்கிறது என்று தூரத்திலேயே தெரிந்துகொள்கிற பயல். ஆளை உரசிக்கொண்டு வந்து நிற்பான், நகர்ந்தால் அவனும் நகர்வான். தடைக்கு முன்னால் மட்டும் அவனிடம் விளையாட்டு கிடையாது. எத்தனை எட்டு வைக்க வேண்டும், எங்கே எழும்ப வேண்டும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். இம்கே குறுக்கே வரமாட்டாள். எப்படி வருவாள், கண்தான் மூடியிருக்கிறதே! கண்ணை அகல விரித்துக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து இழுத்து, குதிரையின் வாயைப் புண்ணாக்குகிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சங்கத் தலைவர் ஹாரோ ஒருமுறை சொன்னார்: "அவ கண்ணை மூடுறது அந்தக் குதிரை வாங்கிட்டு வந்த வரம். யாராவது போய் அவகிட்ட உளறினீங்க, பாத்துக்கோங்க."

யாரும் உளறவில்லை. நான் மட்டும் என் வழியில் முயன்று பார்த்தேன். அவள் கண் மூடுவதற்கு முன்னால் எடுத்தால் குதிரை படுக்கப்போகிற மாடு மாதிரி குந்தியிருந்தது. இறங்கிய பிறகு எடுத்தால் முன்னங்கால்கள் இரண்டும் கட்டைகளாய் நீண்டு, இம்கே சேணத்தின்மேல் தொம்மென்று விழுந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு திறந்திருக்குதான்" என்றாள் அதைப் பார்த்துவிட்டு. "ஆனா இது நானா, உருளைக்கிழங்கு மூட்டையா?"

ஒவ்வொரு குளிர்காலமும் வருவாள். திரையில் தன் கண்ணை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். "சனியன் பிடிச்ச வெளிச்சம்" என்று எங்கள் விளக்குகளைத் திட்டிவிட்டுப் போய்விடுவாள். ஒரு படம்கூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

இந்த வருடம் கற்கண்டுக்கு வயதாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கடைசிப் பாய்ச்சல். எங்கள் சங்க அறையில் ஒரு சுவர் உண்டு. ஓய்வுபெறுகிற குதிரையின் படம் அதில் ஏறும். பாய்கிற படமாக மட்டும்தான் இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கிற படத்தை யாராவது கொண்டுவந்தால், "இதைப் பால் சங்கத்துல மாட்டுங்க" என்று ஹாரோ திருப்பி அனுப்பிவிடுவார். ஆக, இம்கேக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சுற்று. அவளும் அவனும் சேர்ந்து அந்தச் சுவரில் ஏற, கண் திறந்த படம் ஒன்று வேண்டும். அதற்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று ஊருக்கே தெரியும். லாரியை நிறுத்துகிற பண்ணையிலெல்லாம் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மென்னோ ஏணி உச்சியில் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தான். மேலே இருந்தால் நான் பிடித்து உலுக்க முடியாது என்ற தைரியத்தில் மெல்லச் சொன்னான்.

"இம்கே போன் பண்ணினா. நாளைக்கு அவ சுத்துக்கு மட்டும் ஃப்ளாஷ் வேண்டாமாம். ஹாரோவும் சரின்னுட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

"கீழ இறங்கு."

"மாட்டேன்."

ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன். "மென்னோ, ஃப்ளாஷ் இல்லாம அந்த இருட்டுல என்ன படம் விழும்? கண்ணும் மூடித்தான் இருக்கும். அந்தச் சுவத்துல காலம்பூரா புகை மாதிரி ஒண்ணு தொங்கும்."

"புகையா இருந்தா நல்லதுதானே" என்றான். "மூஞ்சி கலங்கிப்போச்சுன்னா கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்? திறந்திருக்குன்னு நான் சத்தியம் பண்றேன்."

"உன் கழுத்து காட்டிக்குடுத்துடும்."

"துண்டு கட்டிக்கிறேன்."

"அவகிட்ட உண்மையைச் சொல்லிடலாம்."

அவன் கையிலிருந்த திருப்புளியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான். "கடைசி சவாரி ஃபென்னா. இப்பப் போய்ச் சொன்னா, தடைகிட்ட போறப்ப அதையே நினைச்சுக்கிட்டிருப்பா. பயந்துடுவா. விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கிட்டா, நீ போய் அவ லாரியை ஓட்டுவியா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். கலங்கலாகவே எடுப்பது என்று ஒப்புக்கொண்டேன். வீடு வரும்வரை அவனோடு பேசவில்லை. இருபத்தாறு வருடமாக நான் கோபமாக இருக்கிறேன் என்பதைக் கவனிக்காமல் சாப்பிடுகிற வித்தை அவனுக்குக் கைவந்திருக்கிறது. கறியோடு வேகவைத்த கீரையை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஞாயிறு காலை, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே இம்கே எங்கள் மேசைக்கு வந்தாள். மேசையில் ஒரு பெரிய திரை. காலையில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக அதில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் மெழுகுவர்த்தி அடுப்பில் டீக்குடுவை. இம்கே போட்டிருந்தது வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, பளபளவென்று துடைத்த பூட்ஸ். தலையை வாரி வலைபோட்டுக் கட்டியிருந்தாள். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மோய்ன்" என்றாள். எங்கள் ஊரில் காலை, மாலை, சந்தோஷம், துக்கம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

நான் கோப்பையில் கற்கண்டு போட்டு டீ ஊற்றி, பாலாடையை ஓரமாக விட்டேன். எங்களிடம் டீ என்றால் மூன்று கோப்பை. அதற்குமுன் கரண்டியைக் கோப்பைக்குள் நிறுத்தினால், இனி உன்னோடு பேச ஒன்றுமில்லை என்று பொருள்.

"விளக்கை மறந்துடாதே மென்னோ" என்றாள் இம்கே. "இன்னைக்காவது என் கண்ணை நான் பார்க்கணும்."

"மறக்கலை" என்றான் மென்னோ. கழுத்தில் துண்டு இருந்தது.

அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே திரையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் மற்றவர்களின் படங்களைப் பார்த்ததே இல்லை. தன் படத்துக்கு வந்து, தன் கண்ணைப் பார்த்து, திட்டிவிட்டுப் போய்விடுவாள் என்று சொன்னேனே. இன்றைக்கு அவள் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் மற்றவர்களைப் பார்த்தாள். ஒரு படம் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. கோப்பை பாதி வழியில் நின்றது.

"எல்லாரும் கண்ணைத் திறந்துதானே வச்சிருக்காங்க?"

"அவங்களுக்கு... அவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு" என்றான் மென்னோ.

"இந்தப் பொண்ணு போன மாசம்தானே சேர்ந்துச்சு?"

"சின்ன வயசு. சின்ன வயசுல கண்ணு... கெட்டியா இருக்கும்."

இம்கே திரும்பி என்னைப் பார்த்தாள். "ஃபென்னா. நீ சொல்லு."

சொல்லக்கூடாது என்று முந்தின நாள் ஒப்புக்கொண்டவள்தான் நான். ஆனால் அவள் என்னை நம்பிக் கேட்கிறாள். முகத்துக்கு நேரே பொய் சொல்ல நாக்கு புரளவில்லை.

"வெளிச்சத்துக்கும் உன் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை இம்கே. நீயாத்தான் மூடிக்கிறே. அவன் எழும்புறப்ப மூடி, கீழ இறங்கினதும் திறக்கிறே. எல்லாத் தடையிலயும். முதல்லேருந்தே."

மென்னோ நெற்றியில் கைவைத்துக்கொண்டான்.

இம்கே கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ஹாரோவுக்கு?"

"தெரியும்."

"அவனுக்கு?" என்று குதிரைகள் நின்ற பக்கம் தலையை ஆட்டினாள்.

"அவனுக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. முதல் கோப்பையே முடியவில்லை. கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மென்னோ என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டிச் சமாளித்திருப்பேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வரமாட்டான்னு நினைக்கிறேன்" என்று மட்டும் சொன்னான். வராவிட்டால் படமும் இல்லை, சுவரும் இல்லை, அந்தக் குதிரைக்கு ஒரு வழியனுப்பும் இல்லை.

வந்தாள். ஹாரோ ஒலிபெருக்கியில் பெயர் சொன்னதும், கற்கண்டு தானே கதவைத் திறந்துகொள்கிறவன் மாதிரி உள்ளே நுழைந்தான். கொட்டகை முழுக்கக் கைதட்டியது. அவள் நடுவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நான் நின்ற மூலைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. சாட்டையைத் தூக்கிக் கூரையைக் காட்டினாள்.

"எரியட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். மென்னோ ஓடிப்போய் ஃப்ளாஷ்களை மறுபடி இணைத்தான்.

எங்கள் விளக்குகள் கடைசித் தடையை மட்டும்தான் பார்த்து நிற்கும். மற்றதையெல்லாம் நான் லென்ஸ் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுதான். முதல் தடைக்கு அவள் போனபோது முகத்தை மட்டும் பார்த்தேன். கண் திறந்திருந்தது. பாவி, திறந்தே வைத்திருந்தாள். தடை தன்னை நோக்கி வருவதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். பார்த்ததும் என்ன செய்தாள்? எல்லாரும் செய்வதைச் செய்தாள். பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தாள்.

கற்கண்டுக்கு அது என்னவென்றே புரியவில்லை. அவன் வாயை அவள் அப்படி இழுத்ததே இல்லை. தலையை வெடுக்கென்று தூக்கினான். கால் தடையின் குறுக்குக் கழியில் இடித்து, கழி உருண்டது. கூட்டம் "அச்சோ" என்றது. இரண்டாவது தடையிலும் இழுத்தாள். இரண்டு கழி விழுந்தது. அவளுடைய வலதுகால், சேணத்திலிருந்து தொங்குகிற மிதிவளையமான அங்கவடியிலிருந்து நழுவித் தொங்கியது. மூன்றாவது தடையில் அவன் மணலைக் கிழித்துக்கொண்டு நின்றேவிட்டான். இம்கே அவன் கழுத்தின்மேல் போய்க் குப்புற விழுந்து, எப்படியோ ஒட்டிக்கொண்டாள்.

அவன் இப்படி நின்றதை அந்தக் கொட்டகையில் ஒருவரும் பார்த்ததில்லை.

"போதும்னு சொல்லு ஃபென்னா" என்று மென்னோ என் தோளைப் பிடித்தான். "நிறுத்தச் சொல்லு."

"நான் சொன்னா கேக்கவா போறா?"

"நீ சொன்னதைக் கேட்டுத்தானே இப்படி ஆகியிருக்கா!"

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருடம் கீழே விழாதவளை நானே தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். காமிராவைக் கீழே வைத்துவிட்டு வேலியைத் தாண்டலாமா என்றிருந்தது.

இம்கே மெதுவாக நிமிர்ந்து சேணத்தில் உட்கார்ந்தாள். ஹெல்மெட் ஒருபக்கம் சாய்ந்திருந்தது, சரிசெய்யவில்லை. கீழே குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். கடிவாள வார்களை ஒரு முடிச்சாகப் போட்டு அவன் கழுத்தின்மேல் விட்டுவிட்டாள். இரண்டு கைகளையும் பிடரிமயிருக்குள் நுழைத்து, கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேறு ஒன்று கிடைத்துவிட்டால் கடிவாளத்தை இழுக்க முடியாதல்லவா! லாரி ஓட்டுகிறவளின் மூளை.

"பைத்தியம்" என்றான் மென்னோ.

கற்கண்டுக்குக் கட்டளை எதுவும் வேண்டியிருக்கவில்லை. தன்னை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் திரும்பினான், நின்ற இடத்தை மறுபடி நோக்கிப் போனான், தாண்டினான். கழி அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. அவர்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. மூடியிருக்கலாம். நான் அவளாக இருந்தால் மூடித்தான் இருப்பேன்.

பிறகு மூலையில் வளைந்து கடைசித் தடைக்கு, என்னை நோக்கி வந்தார்கள். கொட்டகையில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. அதனால் குளம்புச் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. தடதட, தடதட, தடதட. ஒரு படம். திரும்ப இன்னொன்று என்பது கிடையாது. என் விரல் ஈரமாக இருந்தது. கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிடு, கண் மூடுவதற்கு முன்னால் எடுத்துவிடு என்று ஒரு மனது சொன்னது. வேண்டாம், உருளைக்கிழங்கு மூட்டையாக அவளைச் சுவரில் தொங்கவிடாதே என்றது இன்னொரு மனது. சத்தம் நின்றது. அழுத்தினேன். கூரையிலிருந்து வெள்ளை வெளிச்சம் அடிபோல விழுந்து அணைந்தது. அடுத்த கணம் அவர்கள் மறுபக்கம் மணலில் இருந்தார்கள்.

படத்தை உடனே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அரங்கின் நடுவே அவனுடைய சேணத்தைக் கழற்றினார்கள். ஹாரோ ஒலிபெருக்கியில் இரண்டு வாக்கியம் பேசி, மூன்றாவதைப் பாதியில் விட்டுக் கேரட் கூடையை நீட்டினார். சேணம் இல்லாத வெற்று முதுகோடு கற்கண்டு கூடைக்குள் தலையை விட்டவன், அதை அங்கிருந்து எடுக்கவேயில்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மென்னோ கழுத்துத் துண்டால் மூக்கைத் துடைத்தான்.

இம்கே மேசைக்கு வந்தபோது முட்டியெல்லாம் மணல். உட்காரவில்லை. நாங்கள் மூவரும் ஒன்றாகத்தான் படத்தைப் பார்த்தோம்.

வேறு யாருக்காவது இப்படி ஒரு படம் விழுந்திருந்தால் காட்டாமலே அழித்திருப்பேன். ஹெல்மெட் கோணல். ஒருகால் அங்கவடியில் இல்லை, குதிகால் மேலே தூக்கியிருந்தது. வாய் திறந்து மேல்பல் வரிசை முழுதும் தெரிந்தது. கடிவாளம் அனாதையாகத் தொங்கியது. சவாரி கற்பிக்கிறவர்கள் எதையெல்லாம் செய்யாதே என்பார்களோ, அத்தனையும் அதில் இருந்தது. குதிரை மட்டும் சிலை மாதிரி. முன்னங்கால்கள் தாடைக்கடியில் ஒட்டியிருந்தன. அவற்றுக்கு மேலே இம்கேயின் கண்கள், அகல, நீலமாக, வெள்ளைவிழி தெரியும்படி திறந்திருந்தன.

"திறந்திருக்கு" என்றான் மென்னோ. "இம்கே, திறந்திருக்கு! மன்னிச்சுடு, நான் அப்பவே சொல்லியிருக்கணும், நான் ஒரு..."

அவள் அவன் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. தன் கண்ணையும் பார்க்கவில்லை. படத்தில் அவளுடைய கண் அடுத்த தடையைப் பார்க்கவில்லை, கீழே, கற்கண்டின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் அவள் விரல் திரையில் அங்கேதான் போய்த் தொட்டது.

"இந்தக் காது" என்றாள். "மேல போறப்ப ரெண்டையும் இப்படி முன்னால நீட்டிக்கிட்டுப் போறானே... ஏதோ அங்க அவனுக்குப் பிடிச்சது இருக்கிற மாதிரி. எப்பவும் இப்படித்தான் போவானா?"

"எப்பவும்" என்றேன்.

"எப்பவுமா?"

"பிடிக்காட்டித்தான் குதிரை காதைப் பின்னால மடிக்கும். இவன் ஒருதடவைகூட மடிச்சு நான் பார்த்ததில்லை."

அவள் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். "இஷ்டப்பட்டுத்தான் தாண்டினானா" என்றாள், எங்களிடம் இல்லை. "நான் எனக்காகத் தாண்டுறான்னு நினைச்சேன்."

வேலியோரம் நின்ற ஊர் முழுக்கப் பார்த்த ஒன்று. அவன் முதுகிலேயே இருந்த இவள் ஒருத்திதான் பார்த்ததில்லை. இன்று கடைசித் தடையில்தான் பார்த்தாள். இனி பார்க்கவும் முடியாது. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவளுக்கும் வந்தது. மென்னோவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"இது சுவத்துக்கு" என்று இம்கே புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "பல்லு தெரிஞ்சா தெரியட்டும். ஹாரோ ஏதாவது சொன்னா நாளைலேருந்து அவர் பண்ணைப் பக்கம் பால் லாரி வராது."

"சொல்லமாட்டார்" என்றான் மென்னோ.

"அப்புறம், பழைய படமெல்லாம் இருக்கா? நான் வேண்டாம்னு தள்ளிட்டுப் போனது?"

மென்னோ என்னைப் பார்த்தான். அவன் எதையும் அழிக்கிறவன் இல்லை. நான் பலமுறை திட்டியும் அழித்ததில்லை. "எல்லாம் இருக்கு" என்றான். "ஆனா எல்லாத்துலயும் உன் கண்ணு..."

"என் கண்ணு எப்படி இருந்தா என்ன?" என்றாள். "அவன் காது தெரியுமில்ல?"

முதல் வருடத்துப் படம் திரையில் வந்தது. அதில் கற்கண்டு இன்னும் வெளுக்கவில்லை, மழைமேகம் மாதிரி கருஞ்சாம்பலாக இருந்தான். இரண்டு காதும் முன்னால் நீண்டிருந்தன. அவன் முதுகில் ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மென்னோ அடுத்த படத்துக்குப் போகக் கையை வைத்தான். இம்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா தள்ளு மென்னோ" என்றாள். "நீங்கதான் பார்த்திருக்கீங்க. நான் பார்த்ததில்லை."